பலாலியா, கட்டுநாயக்கவா? நெளுக்குளத்திலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும்

பலாலியிலிருந்து திருச்சி வான்வழியே சுமார் 184 கிலோமீற்றர். அட்டவணைப்படி பயண நேரம் ஒரு மணித்தியாலம். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி சுமார் 418 கிலோமீற்றர். அதற்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். தூரம் இரண்டு மடங்கைத் தாண்டியும் நேரம் கூடவில்லை. வவுனியாவின் நெளுக்குளத்திலோ வேப்பங்குளத்திலோ பம்பைமடுவிலோ இருந்து தமிழ்நாட்டுக்கு வெளிக்கிடும் ஒருவர் எந்த விமான நிலையத்தைத் தெரிவது என்று யோசிக்கும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் முடிவு பிழைக்கும். முடிவைத் தீர்மானிப்பது தரையில் கழியும் நேரம். வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரை, விமான நிலையத்துக்குள், இறங்கிய பின் போய்ச்சேர வேண்டிய இடம் வரை என்று அது மூன்று துண்டாகக் கிடக்கிறது. பலாலி வவுனியா மக்களுக்கு உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் முடிவு. ஆனால் விமானம் பறக்கும் தூரம் குறைந்ததால் அந்த மிச்சம் வரவில்லை. அது எங்கிருந்து வருகிறது, எப்போது வராமல் போகிறது என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

தூரத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். பலாலி ஏறத்தாழ வட அகலாங்கு 9 பாகை 47 கலை, கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 4 கலையில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் 10 பாகை 46 கலை, 78 பாகை 43 கலை. அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். இரண்டுக்கும் இடையே 59 கலை வித்தியாசம், ஆகவே வடக்கு நோக்கி 109 கிலோமீற்றர். நெட்டாங்கில் 81 கலை வித்தியாசம். நம்முடைய அகலாங்கில் ஒரு நெட்டாங்குக் கலை சற்றே சுருங்கி 1.82 கிலோமீற்றராகிறது, ஆகவே மேற்கு நோக்கி 148 கிலோமீற்றர். இரண்டையும் பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றத்தில் இட்டால் 184 வரும். பூமி உருண்டை என்பதற்காகத் தனிக் கணக்கு வேண்டுமா என்றால், இவ்வளவு குறுகிய தூரத்துக்கு வேண்டாம். வித்தியாசம் ஒரு கிலோமீற்றரைக் கூடத் தொடாது. இதே முறையில் பலாலியிலிருந்து சென்னைக்குச் சுமார் 354, கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குச் சுமார் 645 கிலோமீற்றர். பலாலிக்கு நேர் வடக்கே சென்னை இருக்கிறது, நெட்டாங்கு ஏறக்குறைய ஒன்றே. திருச்சி வடமேற்கே கிடக்கிறது. விமானம் இந்த நேர்கோட்டை அப்படியே பிடித்துப் பறப்பதில்லை என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் போதும்.

இனி நேரம். பலாலிக்கு வரும் ஏரிஆர் 72 வகை விமானம் இரண்டு சுழல்விசிறி கொண்டது, எழுபது எண்பது பேருக்குள் ஏற்றுவது. நேராகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 510 கிலோமீற்றர். 184 கிலோமீற்றரை அந்த வேகத்தால் வகுத்தால் 22 நிமிடம்தான் வருகிறது. அட்டவணையிலோ 60 நிமிடம் இருக்கிறது. மிச்சம் 38 நிமிடம் எங்கே போயிற்று? அட்டவணையில் எழுதியிருப்பது வானில் இருக்கும் நேரமன்று. நிறுத்தியிருந்த இடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுபக்கத்தில் நிறுத்துமிடத்தில் வந்து அசையாமல் நிற்கும் கணம் வரையான நேரம் அது. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து போவதும், அனுமதிக்காகக் காத்திருப்பதும், குறைந்த வேகத்தில் மேலேறுவதும், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேரே திரும்பி வருவதும், இறங்கியபின் மறுபடி ஊர்வதும் அதில் அடங்கும். தாமதம் ஏற்பட்டால் சமாளிக்கவென்று விமான நிறுவனம் சேர்க்கும் சில நிமிடங்களும் உண்டு. இவையெல்லாம் தூரத்தோடு கூடிக் குறைவதில்லை. 184 கிலோமீற்றருக்கும் இதே செலவு, 400 கிலோமீற்றருக்கும் இதே செலவு. கட்டுநாயக்கவிலிருந்து போகும் ஜெற் விமானம் மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில் பறக்கக்கூடியது. 418 கிலோமீற்றர் அதற்கு 30 நிமிட வேலை. மேலே சொன்ன நிலையான செலவு 30 நிமிடம் சேர ஒரு மணித்தியாலம். எந்த இரு விமான நிலையங்களுக்கும் உதவக்கூடிய எளிய விதி இதிலிருந்து கிடைக்கிறது: தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் நிமிடத்தோடு 35 ஐக் கூட்டுங்கள், அட்டவணை நேரத்துக்கு அண்மையில் வந்துவிடுவீர்கள். சென்னைக்கும் போட்டுப் பாருங்கள். பலாலியிலிருந்து 354 கிலோமீற்றர், 42 நிமிடம், 35 ஐக் கூட்ட 77. அட்டவணையில் 75 முதல் 80 நிமிடம் காட்டுகிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து 645 கிலோமீற்றர், 47 நிமிடம், 35 ஐக் கூட்ட 82. அட்டவணையும் அந்தப் பக்கம்தான்.

பலாலிக்கு ஏன் ஜெற் விமானம் வருவதில்லை என்ற கேள்விக்கு விடை ஓடுபாதையில் இருக்கிறது. 2019 ஒக்ரோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறக்கப்பட்டபோது பயன்பாட்டுக்கு ஆயத்தமாக இருந்த ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர். நிறைய ஆட்களோடும் எரிபொருளோடும் ஏ320 போன்ற ஜெற் ஒன்று எழும்ப 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும். கட்டுநாயக்கவின் ஓடுபாதை 3,350 மீற்றர். சிறிய ஓடுபாதை சிறிய விமானத்தையே அனுமதிக்கிறது, சிறிய விமானத்தில் ஆசனமும் சாமான் இடமும் குறைகின்றன. பயணியின் பெட்டியின் நிறை வரை வந்து முடியும் சங்கிலி இது. பலாலியின் ஓடுபாதைக்கு நல்ல பக்கமும் ஒன்று உண்டு. அது வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. வாடைக்காற்று வரும் திசையும் சோளகம் வரும் திசையும் அவைதாம். விமானம் காற்றை எதிர்கொண்டு இறங்குவதே பாதுகாப்பு, ஓடவேண்டிய தூரமும் அப்போது குறையும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை இந்த ஓடுபாதையை அமைத்தது. இன்றைக்கும் ஆண்டின் பெரும்பகுதியில் காற்று ஓடுபாதையின் நீளத்தோடே வீசுகிறது. காற்றால் பயண நேரம் மாறாதா என்று கேட்பவர்களுக்கு: எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வீசினாலும் 22 நிமிடப் பறப்பில் ஒன்றரை நிமிடமே கூடும். காற்றை விட, திருச்சிப் பக்கமிருந்து வருகிற விமானம் எந்த முனையில் இறங்கினாலும் கிட்டத்தட்ட ஒரு செங்கோணம் திரும்பியாக வேண்டும் என்பதே கூடுதல் நேரம் எடுக்கும்.

இந்த வழி புதியதன்று. எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி ஏறி, சென்னைக்குத்தான் போனது. போர்க் காலம் அந்த வழியை அடைத்தது. திறப்புக்குப் பின் 2019 நவம்பர் 11 இல் அலையன்ஸ் எயர் சென்னையிலிருந்து ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு அது நின்றது. 2022 டிசம்பர் 12 இல் மீண்டது. இண்டிகோ 2024 செப்ரெம்பர் 1 இல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 இல் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. இந்தத் திகதிகளைத் திட்டமிடுவோர் ஒரு காரணத்துக்காகக் கவனிக்க வேண்டும். பலாலிச் சேவை வளர்ந்து வருகிறது, ஆனால் நின்றும் தொடங்கியும் வந்திருக்கிறது. பல மாதங்களுக்கு முன்பே திகதி குறிக்க வேண்டிய கலியாணம், சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு அந்தக் காலத்துக்கான அட்டவணை வெளியாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பலாலியை நம்பிக் காரியத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

இப்போது தரைக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் சாரம் இங்கேதான். நெளுக்குளம் வவுனியா நகரத்திலிருந்து மன்னார் வீதியில், குருமன்காட்டையும் வேப்பங்குளத்தையும் தாண்டி, சுமார் ஐந்து கிலோமீற்றரில் இருக்கிறது. பலாலிக்குப் போக முதலில் கிழக்கே வந்து ஏ9 வீதியைப் பிடிக்க வேண்டும். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, கொடிகாமம், சாவகச்சேரி என்று வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கிலோமீற்றர். அதற்கு வடக்கே பலாலி. எல்லாம் சேர 160 முதல் 165 கிலோமீற்றர். வெளியூர் வீதிகளில் காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டப்படியான வேகம், ஊர்களுக்குள் 50. ஆகவே வீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சராசரி 50 க்கு மேல் போடாதீர்கள். காரோ வானோ பிடித்தால் மூன்றேகால் மணித்தியாலம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கும்பிடாமல் போகும் வாகனம் குறைவு, அந்தக் கால் மணித்தியாலமும் இதற்குள் அடங்கட்டும். கைதடியில் திரும்பிக் கோப்பாய் வழியாக வடக்கே ஏறினால் யாழ் நகர நெரிசலைத் தவிர்க்கலாம். பாடசாலை விடும் நேரத்தில் இது கணிசமாக உதவும். பஸ்ஸில் போகிறவர் நெளுக்குளத்திலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து பலாலி என்று மூன்று ஏற்றத்துக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து ஐந்து மணித்தியாலம் ஒதுக்குவது நல்லது. ரயிலில் காங்கேசன்துறை வரை போகலாம், தெல்லிப்பழையில் இறங்கி ஓட்டோவும் பிடிக்கலாம். ஆனால் ரயில் நேரம் விமான நேரத்தோடு பொருந்தினால் மட்டுமே இது வழி.

கட்டுநாயக்க வேறு கதை. மதவாச்சி, அனுராதபுரம், நொச்சியாகம, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக நெளுக்குளத்திலிருந்து சுமார் 235 முதல் 240 கிலோமீற்றர். புத்தளம் வரை வேகமாக வந்துவிடலாம். அதற்குப் பிறகு சிலாபம், மாரவில, நீர்கொழும்பு என்று ஊர்மேல் ஊராக வீதி நெருக்குகிறது. கொழும்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அதிவேக வீதி இருக்கிறதே என்பார்கள். அது தெற்கிலிருந்து வருபவருக்குத்தான் உதவும், வடக்கிலிருந்து புத்தளம் வீதியால் வருபவர் அதைத் தொடுவதே இல்லை. அனுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே யானை கடக்கும் இடங்களும் உண்டு, இரவில் அங்கே வேகம் எடுக்க முடியாது. ஐந்து முதல் ஐந்தரை மணித்தியாலம் என்று கொள்ளுங்கள். இரவுப் பயணத்தில் சாரதியின் நித்திரையும் ஒரு கணக்கு. விடிகாலை விமானத்துக்கு நள்ளிரவில் வெளிக்கிடும் குடும்பங்கள் ஒரு சாரதியை மட்டும் நம்பிப் போவது நல்லதன்று.

கூட்டிப் பார்ப்போம். பலாலி வழியாகத் திருச்சிக்கு: வீதியில் மூன்றேகால், விமான நிலையத்தில் இரண்டு, விமானத்தில் ஒன்று, திருச்சியில் குடிவரவும் சுங்கமும் முடித்து வெளியே வர முக்கால். மொத்தம் ஏழு மணித்தியாலம். கட்டுநாயக்க வழியாக: வீதியில் ஐந்தேகால், பெரிய விமான நிலையம் என்பதால் மூன்று, விமானத்தில் அதே ஒன்று, வெளியே வர அதே முக்கால். மொத்தம் பத்து. மூன்று மணித்தியாலம் மிச்சம், அதில் ஒரு நிமிடம் கூட வானில் மிச்சமானதன்று. வான்வழியில் 234 கிலோமீற்றர் குறைந்தது கைக்கு ஒன்றும் தரவில்லை. தரைவழியில் குறைந்த 75 கிலோமீற்றர் இரண்டு மணித்தியாலத்தையும், விமான நிலையம் சிறியதாக இருப்பது ஒரு மணித்தியாலத்தையும் தந்தன. இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஏ9 வீதியில் தெற்கே போகப் போக பலாலியின் ஆதாயம் தேய்கிறது. எந்த இடத்தில் இரண்டும் சமமாகின்றன? பலாலியிலிருந்து கட்டுநாயக்க வரை இந்த வீதிகளில் சுமார் 400 கிலோமீற்றர். வடக்குப் பக்கம் சராசரி 50, தெற்குப் பக்கம் 45, கட்டுநாயக்கவில் கூடுதலாக ஒரு மணித்தியாலம் என்று வைத்தால், சமநிலை பலாலியிலிருந்து சுமார் 235 கிலோமீற்றரில், அனுராதபுரத்துக்குச் சற்று அப்பால் விழுகிறது. வவுனியா மாவட்டம் முழுவதும், மதவாச்சியும் கூட, பலாலிப் பக்கத்திலேயே நிற்கின்றன. வவுனியா நடுவில் கிடக்கிறது, ஆகவே எதில் போனாலும் ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இந்தக் கணக்கு ஏற்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பலாலியிலிருந்து ஓர் இடத்துக்கு நாளுக்கு ஒரு விமானம் என்ற அளவில்தான் சேவை. அதைத் தவறவிட்டால் ஒரு நாள் போய்விடும். மூன்று மணித்தியாலம் மிச்சம் பிடிக்கப் போய் இருபத்துநான்கு மணித்தியாலத்தைப் பணயம் வைப்பதா? நியாயமான கேள்விதான். ஆனால் விடையும் அதே எண்ணில் இருக்கிறது. மிச்சமாகும் மூன்று மணித்தியாலத்தில் ஒன்றரையை வீதிக்குக் கூடுதல் அவகாசமாகக் கொடுத்துவிடுங்கள். சில்லுக் காற்றுப் போனாலும், கிளிநொச்சியில் மறியல் இருந்தாலும், பஸ் பிந்தினாலும் தாங்கும். அதற்குப் பின்னும் ஒன்றரை மணித்தியாலம் உங்களுக்கே மிஞ்சும். விமான நிலையத்தில் பயணப் பதிவு மேசை பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடப்படும் என்பதால், நீங்கள் எட்டிப்பிடிக்க வேண்டிய நேரம் அதுவே. ரிக்கற்றில் உள்ள புறப்பாட்டு நேரத்தைக் கொண்டு கணக்குப் பார்ப்பவர்கள்தாம் பெரும்பாலும் விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.

பிந்தினால் சமாளிக்க முடியாத பருவம் ஒன்று உண்டு, அதைத் தனியே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் பலாலியில் விமானம் பிந்துவதும் இரத்தாவதும் கூடும். சிறு விமான நிலையத்தில் ஒரு விமானம் இரத்தானால் பதிலுக்கு மறு விமானம் அன்றே கிடைக்காது. கட்டுநாயக்கவில் வேறு நேரத்தில், வேறு நிறுவனத்தில் ஆசனம் தேடலாம். ஆனால் அதே மழை கட்டுநாயக்கப் பாதையையும் விடுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது நாட்டின் பல பெருவீதிகளும் ரயில் பாதைகளும் வெள்ளத்தில் அறுந்தன. நீண்ட வீதியில் போகிறவருக்கு வீதி அறும் வாய்ப்பும் கூட. ஆகவே மழைக் காலத்தில் நாள் தவறக்கூடாத பயணம் என்றால், எந்த வழியில் போனாலும் ஒரு நாள் முன்னதாகப் போய்ச்சேரும்படி ரிக்கற் எடுப்பதே வழி. சத்திரசிகிச்சைக்குத் திகதி வாங்கியவர்களும் பரீட்சைக்குப் போகும் மாணவர்களும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு சாமான் பற்றியது. சிறு விமானத்தில் அனுமதிக்கும் நிறை பெரும்பாலும் குறைவு, அதுவும் ரிக்கற் வகைக்கேற்ப மாறும். திருச்சியிலும் சென்னையிலும் சேலை எடுக்கப் போகும் கலியாண வீட்டார் போகும்போது வெறுங்கையோடு போய், வரும்போது பெட்டி நிறைத்து வருவார்கள். திரும்பும் ரிக்கற்றின் அனுமதி நிறையைப் போகும் முன்பே பார்த்து, தேவையென்றால் கூடுதல் நிறையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மேசையில் நின்று வாங்கினால் விலை கூட. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினருக்கு இந்தக் கணக்கு முழுதும் மாறும். சென்னையில் மாறிப் பலாலிக்கு வரலாம் என்று ஆசைப்படுவார்கள். இரண்டு ரிக்கற்றும் தனித்தனியாக எடுத்திருந்தால் சென்னையில் குடிவரவைக் கடந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். நீண்ட பயணத்துக்கு அனுமதித்த நிறை சிறு விமானத்தில் செல்லாது. ஒரே ரிக்கற்றில் பலாலி வரை எழுதிக் கொடுத்தால் தவிர, அவர்களுக்குக் கட்டுநாயக்கவே நல்லது என்று தயங்காமல் சொல்லுங்கள். ஊரவர்கள் கூப்பிடுகிறார்கள் என்பதற்காக அவர்கள் சென்னையில் ஓர் இரவு அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு கட்டணம். கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, 184 கிலோமீற்றருக்கு இவ்வளவா என்று மனம் சலிப்பவர்கள் உண்டு. முன்பு பார்த்த நிலையான செலவு இங்கேயும் வேலை செய்கிறது. இறங்கும் கட்டணம், பயணியிடம் அறவிடும் வரி, ஏறி இறங்க எரியும் எரிபொருள் எல்லாம் தூரம் குறைந்தால் குறைவதில்லை. கிலோமீற்றர்க் கணக்கு குறுகிய வழிகளுக்குப் பொருந்தாது. ஒப்பிட வேண்டியது வீட்டிலிருந்து வீடுவரை ஆகும் முழுச் செலவை. நான்கு பேர் குடும்பம் வான் பிடித்துப் போனால், கட்டுநாயக்கவுக்குப் போய்வரும் வாடகையும் வழிச் சாப்பாடும், சில வேளை நீர்கொழும்பில் தங்கும் அறையும் சேரும். தனியாகப் போகிறவருக்கு நிலைமை வேறு. இரவு பஸ்ஸில் சில நூறு ரூபா வித்தியாசத்தில் கட்டுநாயக்க போய்விடலாம், அங்கே மலிவான ரிக்கற் கிடைத்தால் அதுவே இலாபம். நேரத்துக்கு விலை எவ்வளவு என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும்.

போய்ச்சேரும் பக்கத்தையும் அளக்காமல் முடிவெடுக்கக் கூடாது. திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், கும்பகோணம் என்றால் பலாலி–திருச்சி வழிக்கு ஈடில்லை. மதுரைக்குப் போகிறவருக்கு அப்படியன்று. திருச்சியில் இறங்கி மதுரைக்கு 130 கிலோமீற்றருக்கு மேல் வீதி, இரண்டரை மணித்தியாலம். ஏழோடு இரண்டரை சேர ஒன்பதரை. கட்டுநாயக்கவிலிருந்து ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் மதுரைக்கே நேராகப் பறக்கிறது, அந்த வழியில் மொத்தம் பத்துக்குள் முடியும். மிச்சம் அரை மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டது. அப்போது அடுத்தடுத்து மாறி ஏறும் சிரமத்தை எண்ணி நேர்வழியைத் தெரிவது அறிவு. வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்குச் சென்னைதான் வாசல். சென்னையிலிருந்து மேலும் இரண்டரை மூன்று மணித்தியாலம் இரு வழிக்கும் பொது என்பதால் அங்கே பலாலியின் ஆதாயம் அப்படியே நிற்கிறது. இருக்கையில் நெடுநேரம் குந்தியிருக்க முடியாத நோயாளிக்கு, வீதியில் ஐந்தேகாலுக்குப் பதில் மூன்றேகால் என்பதே எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள் கப்பலையும் யோசிக்கலாம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே சுமார் 110 கிலோமீற்றர் கடல், நான்கு மணித்தியாலம் அளவில். 2023 ஒக்ரோபர் 14 இல் தொடங்கி இடையில் நின்று 2024 ஓகஸ்ட் 16 இல் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. திருச்சியில் இறங்கினால் நாகபட்டினத்துக்கு மேலும் மூன்று மணித்தியால வீதிப் பயணம் இருப்பதால், கப்பல் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடுகிறது. வாடை எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

வவுனியாவிலேயே விமானத்தளம் இருக்கிறதே, அங்கிருந்து பறந்தால் என்ன என்பது இந்தப் பகுதியில் அடிக்கடி எழும் கேள்வி. அந்தத் தளம் விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது, பொதுமக்களுக்கான ஒழுங்கான சேவை அங்கே இல்லை. இருந்தால் எதற்குப் பயன்படும் என்பதையும் நம் விதியே சொல்லும். வவுனியாவிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீற்றர். ஏரிஆர் விமானத்தில் 15 நிமிடம், 35 கூட்ட 50. தளத்துக்கு முன்னதாகப் போய்ச் சோதனை முடிக்க ஒரு மணித்தியாலம், பலாலியில் இறங்கி மறுபடி பதிவுக்குப் போக அரை மணித்தியாலம். வாகனத்தில் மூன்றேகாலில் போவதோடு ஒப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாகவே மிச்சம், கட்டணமோ பல மடங்கு. இரத்மலானைக்கு என்றால் வானில் 223 கிலோமீற்றர், ஒரு மணித்தியால அட்டவணை. கொழும்பு வீதியில் ஐந்தரை ஆறு மணித்தியாலம் போகும் இடத்தில் அது உண்மையான ஆதாயம். ஆகவே வவுனியாத் தளத்தைக் கேட்க வேண்டுமானால் தெற்கு நோக்கிய சேவைக்காகக் கேட்பதே பொருளுள்ளது.

நேரத்தைக் கழித்துப் பார்க்கும்போது குழப்பம் வேண்டாம்: இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இப்போது நேர வித்தியாசம் இல்லை. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் இந்தியாவை விட முன்னே நின்றது, வன்னியில் பழைய நேரமே வழங்கியது. அந்தக் காலத்தை நினைத்து இன்னும் அரை மணித்தியாலம் கூட்டுகிற முதியவர்கள் இருக்கிறார்கள். ரிக்கற்றில் இருக்கும் இரண்டு நேரங்களையும் நேரே கழிக்கலாம்.

திரும்பி வரும் பயணத்தை ரிக்கற் எடுக்கும்போதே திட்டமிடுங்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிற்பகலில் பலாலியில் இறங்கினால், வெளியே வந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தை மாலை ஐந்து மணியளவில் அடையலாம், வவுனியாவுக்கு அதற்குப் பிறகும் பஸ் இருக்கும். ஆனால் வவுனியாவில் இறங்கும் நேரத்தில் மன்னார் வீதிக்கான உள்ளூர் பஸ் ஓய்ந்திருக்கக்கூடும். நெளுக்குளத்துக்கு ஓட்டோவுக்கு முன்பே சொல்லி வையுங்கள், சாமான் இருந்தால் கட்டாயம். கட்டுநாயக்கவில் இரவில் இறங்குகிறவர் நீர்கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் ஏறலாம். ஆசனத்தை முன்கூட்டியே பதியும்போது ஏறும் இடம் நீர்கொழும்பு என்றும் இறங்கும் இடம் வவுனியா என்றும் தெளிவாகச் சொல்லுங்கள், நடத்துனரிடம் மறுபடி சொல்லுங்கள். விடிகாலை நித்திரையில் வவுனியாவைத் தவறவிட்டால் அடுத்து நிறுத்தும் பெரிய இடம் கிளிநொச்சி.